பெயர் வந்தது, படம் வரவில்லை

ஜூலை 2, செவ்வாய்

வந்து சேர்ந்தேன். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் சும்மா நின்றதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அப்புறம் நாற்பது கொண்டை ஊசி வளைவு. பதினாறாவது வளைவில் பக்கத்து ஸீட்டுக் குழந்தை என் பேண்ட்டில் வாந்தி எடுத்தது. அதன் அம்மா, "பழக்கமில்லீங்க அதுக்கு" என்றாள். எனக்கு மட்டும் பழக்கமா? வால்பாறையில் இறங்கி அங்கிருந்து ஜீப். மழை கொட்டிக்கொண்டே இருக்கிறது.

வெளியூர் வேலைக்குப் போனால் தினமும் நோட்டில் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் விதி. இதுவரை இருபத்திரண்டு நோட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றையும் ஒருத்தரும் பிரித்துப் பார்த்ததில்லை. எனவே இந்தத் தடவை வேலையோடு மற்றதையும் எழுதப்போகிறேன். இங்கே பேசுவதற்கும் ஆள் கிடையாது.

வேலை இதுதான். எஸ்டேட்டுக்கு நடுவில் ஒரு ட்ரஸ்ட் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. யாரோ புண்ணியவான் சி.டி. ஸ்கேன் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். எடுத்த படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் கோயமுத்தூரில் இருக்கிறார். படம் இங்கிருந்து அங்கே போக வேண்டும். அதற்கான நெட்வொர்க்கை இருபதாம் தேதிக்குள் அமைத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு இது நான்கு நாள் வேலை.

சாயங்காலம் வாணியிடமிருந்து மெசேஜ் வந்தது. வாணி என் மனைவி. மார்ச்சிலிருந்து பொள்ளாச்சியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அண்ணன் மகளுக்குப் பரீட்சை, துணைக்குப் போனாள். பரீட்சை ஏப்ரலில் முடிந்துவிட்டது. மெசேஜை அப்படியே எழுதுகிறேன்: "24ம் தேதி ஓசூர் போறேன். அங்க ஸ்கூல்ல வேலை கெடச்சிருக்கு. வீடும் பாத்தாச்சு. அதுக்குள்ள ஏதாச்சும் சொல்றதா இருந்தா சொல்லுங்க."

"ஓகே" என்று அனுப்பினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் அண்ணன் வீடு பத்து நிமிஷ நடை. காலையில் போயிருக்கலாம்தான், நேரமில்லை.

ஜூலை 3, புதன்

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி டீ கொடுத்தவர் வாட்ச்மேன் மாசிலாமணி. ஐம்பத்தெட்டு வயது. அப்பப்பா, என்ன வாய்! டீயை நீட்டும்போது தொடங்கினார்.

"சாருக்குக் கோயமுத்தூரா? எங்க சின்னம்மா மக சிங்காநல்லூர்லதான் இருக்கா சார். அவ வீட்டுக்காரன் சரியில்ல. அது போகட்டும், ராத்திரி யான சத்தம் கேட்டுச்சா? கேக்கலயா? அந்தா தெரியுதே பாருங்க, அந்த சில்வர் ஓக் மரம், போன வருசம் அங்க நின்னுச்சு..."

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. யானை எப்படி நின்றது என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஃபயர்வால் பெட்டியை ரேக்கில் ஏற்றினேன். நெட்வொர்க்கின் வாசலில் நின்று எதை உள்ளே விடலாம், எதை விடக் கூடாது என்று பார்க்கும் பெட்டி அது. இந்தப் பக்கம் ஒன்று, கோயமுத்தூரில் ஒன்று. பதினொரு வருஷமாக நான் திருத்தித் திருத்தி வைத்திருக்கும் செட்டிங் ஒன்று இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அதைத்தான் ஏற்றுவேன். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் இரண்டு நிமிஷ வேலை.

ஜூலை 5, வெள்ளி

கோயமுத்தூருக்கு லைன் வந்துவிட்டது. பிங் போட்டுப் பார்த்தேன். பிங் என்றால் பெரிய வித்தையெல்லாம் இல்லை. இங்கிருந்து "இருக்கியா?" என்று கேட்கும், அங்கிருந்து "இருக்கேன்" என்று பதில் வரும். நூற்றுக்கு நூறு வந்தது. வேலை முடிந்தது என்று ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லியும்விட்டேன்.

அப்புறம் ஸ்கேன் அறையில் இருக்கும் டெல்பின் ஒரு சோதனைப் படத்தை அனுப்பினாள். இருபத்தேழு வயது, இந்த எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்த பெண். கோயமுத்தூரிலிருந்து போன் வந்தது: "நோயாளி பேரு வந்திருக்கு, வயசு வந்திருக்கு. படத்தக் காணோமே?"

பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தோம். பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"என்ன சார், வேல முடிஞ்சுதுன்னு சொன்னீங்க?" என்றாள் டெல்பின்.

"உங்க மெஷின்ல கோளாறு."

"மெஷின் போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி."

வாய்க்கொழுப்பு.

ஜூலை 8, திங்கள்

சனிக்கிழமை கேபிளை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமை கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியை மாற்றினேன். இன்று லைன் கம்பெனி ஆளை வரவழைத்து, குரங்கு கேபிளைக் கடித்திருக்கும் என்று சொல்லி, கொட்டும் மழையில் மூன்று கிலோமீட்டர் நடக்க வைத்தேன். அவன் நனைந்த கோழி மாதிரி வந்து நின்று, "சார், லைன் சுத்தமா இருக்கு. குரங்க நான் பாத்தேன், அது பலாப்பழம் தின்னுட்டிருக்கு" என்றான். அட்டை கடித்த காலைக் காட்டினான். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் மன்னிப்பு கேட்கவில்லை.

பிங் போகிறது, பெயர் போகிறது. படம் மட்டும் போகவில்லை. எங்கே தொலைகிறது என்றும் தெரியவில்லை. போகவில்லை என்று ஒரு தகவலும் திரும்பி வருவதில்லை. அனுப்பிய கம்ப்யூட்டர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கிறது, கடைசியில் அதுவும் விட்டுவிடுகிறது.

ஜூலை 9, செவ்வாய்

மழை. படம் போகவில்லை. வாணிக்கு "சாப்டியா?" என்று அனுப்பினேன். "ம்" என்று வந்தது.

ஜூலை 10, புதன்

லேப்டாப்பை நடுவில் இணைத்து, கடந்து போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தேன். டெல்பின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். படம் போகாததால் ஸ்கேன் எடுப்பதில்லை, அவளுக்கும் வேலை இல்லை.

"என்ன சார் இது, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து?"

சரி, சொல்லித் தொலைப்போம் என்று ஆரம்பித்தேன். "உங்கப்பா டீ ஃபேக்டரியில பேக்கிங்தானே? தூளை அப்படியே லாரியில கொட்டுவாரா?"

"கொட்டுனா அவரக் கொன்னுடுவாங்க."

"இதுவும் அப்படித்தான். படத்தை மொத்தமா அனுப்ப முடியாது. முதல்ல துண்டு போடணும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு உறை. அதுமேல இது எத்தனாவது துண்டு, அந்தப் பக்கம் எந்த புரோகிராம் வாங்கணும்னு எழுதியிருக்கும். அது முதல் உறை. அதை அப்படியே ரெண்டாவது உறைக்குள்ள போடு. அதுமேல எந்தக் கம்ப்யூட்டர்லேருந்து எந்தக் கம்ப்யூட்டருக்குன்னு விலாசம். அதை மூணாவது உறைக்குள்ள போடு. அதுமேல, அடுத்து யார் கையில குடுக்கணும்கிறது மட்டும் இருக்கும்."

"அடுத்த கை மட்டுமா?"

"அடுத்த கை மட்டும்தான். அங்க போனதும் மூணாவது உறையைக் கிழிச்சுப் போட்டுட்டு, அதுக்கு அடுத்த கைக்குப் புது உறை போடுவாங்க. வழி பூரா இப்படியே. கடைசியில போய்ச் சேர்ந்ததும் வெளியிலேருந்து ஒவ்வொண்ணா பிரிச்சு, நம்பர்படி அடுக்கினா படம்."

"அப்ப உள்ள என்ன இருக்குன்னு நடுவுல யாருக்கும் தெரியாதா?"

"தெரிய வேண்டிய அவசியமில்லை. அவங்கவங்க உறையை மட்டும் படிச்சாப் போதும். ஒருத்தன் வேலையில ஒருத்தன் தலையிட மாட்டான். அதனாலதான் இவ்வளவு பெரிய உலகத்துல இது ஓடுது." இதை நான் எப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன்.

"பாவம் சார் அது" என்றாள். எது பாவம் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிப் படத்தைக் கண்டவர் பார்க்கக் கூடாது. அதனால் எங்கள் பெட்டி இன்னொரு வேலையும் செய்யும். விலாசம் எழுதின அந்தப் பொட்டலத்தை அப்படியே பூட்டி, அதற்கு மேல் புதிதாக ஒரு உறை போட்டு, வேறு விலாசம் எழுதி அனுப்பும். அதையும் சொன்னேன். "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு சுத்த மாட்டாங்க" என்றாள்.

பூட்டும் பெட்டி நன்றாகத்தான் பூட்டுகிறது. அதைத் தாண்டி எங்கே போகிறது என்பதுதான் தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

மாசிலாமணி இன்று டீயோடு வீட்டு விஷயமும் கேட்டார். "சார் வீட்ல அம்மா தனியாவா இருக்காங்க? புள்ளைங்க இல்லயா? அட, இல்லாட்டி என்ன சார். எனக்கு மூணு இருக்கு, ஒண்ணும் போன் பண்றதில்ல. நானும் பாக்கியமும்தான் பேசிக்கிட்டே இருப்போம். அவ ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன், பொழுது போயிரும்."

"வேலை இருக்கு" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. அவர் தப்பாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்ததே கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் குரல் உயர்ந்ததில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

ஜூலை 12, வெள்ளி

காலை பத்தேகாலுக்கு மாசிலாமணி கேட் அருகில் விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது, வலது கை தொங்குகிறது. இங்குள்ள டாக்டர் நஸ்ரின் ஓடிவந்து பார்த்துவிட்டு, "உடனே ஸ்கேன்" என்றார். டெல்பின் எட்டு நிமிஷத்தில் படம் எடுத்துவிட்டாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தால் அதற்கு ஒரு ஊசி உண்டு. ரத்தம் கசிந்திருந்தால் அதே ஊசி ஆளைக் கொன்றுவிடும். எது என்று படத்தைப் பார்த்து கோயமுத்தூர் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அனுப்பினோம். மாசிலாமணி, ஐம்பத்தெட்டு, ஆண் என்று போனது. படம் போகவில்லை.

டெல்பின் ஸ்கிரீனை செல்போனில் போட்டோ எடுத்தாள். மழையில் சிக்னல் இல்லை. ஆஸ்பத்திரி போனில் கோயமுத்தூர் டாக்டரிடம் நஸ்ரின் வாயாலேயே படத்தை விளக்கப் பார்த்தார். "நான் பாக்காம ஊசி போடுன்னு சொல்ல முடியாதும்மா. கீழ அனுப்புங்க" என்றார் அவர். நான் ரேக் முன்னால் மண்டியிட்டு ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். பிங் போட்டேன். "இருக்கேன், இருக்கேன், இருக்கேன்" என்று அது வந்துகொண்டே இருந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட ஏறிய அவர் மனைவி பாக்கியம் என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர் சாரு, ரெடியாயிருச்சுங்களா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

ஜூலை 13, சனி

மரம் விழுந்து பாதை அடைத்து, பொள்ளாச்சி போய்ச் சேர ஐந்தரை மணி நேரம் ஆகிவிட்டதாம். அங்கே எடுத்த ஸ்கேனில் மூளையில் அடைப்புதான், கசிவு இல்லை. நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசி, நேரம் தாண்டிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. கை வரவில்லை, பேச்சு வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஆறு மணிக்கு யாரும் கதவைத் தட்டவில்லை. நானே கேன்டீனுக்குப் போனேன். கேட்டில் அவருடைய நாற்காலி நனைந்துகொண்டிருந்தது. உள்ளே தூக்கிப் போட்டேன்.

அந்த சில்வர் ஓக் மரத்தடியில் யானை நின்றதே, அது எப்போது போனது, யார் விரட்டினார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. அன்றைக்கே கேட்டிருக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

இதைக் கவனமாக எழுத வேண்டும்.

மதியம் டெல்பினோடு சாப்பிட்டேன். அப்புறம் அவளாகவே, "அன்னிக்கு டீ பேக்கிங் சொன்னீங்கல்ல சார். ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

"கேளு."

"மழக்காலத்துல எங்கப்பா சாக்குமேல இன்னொரு பிளாஸ்டிக் சாக்கு மாட்டுவாரு. தூள் அதே தூள்தான், ஆனா லோடு உப்பிப் போயிரும். போன வருசம் கீழ செக்போஸ்ட்ல ரெண்டு லாரிய விடல. 'உயரம் ஜாஸ்தி, கொறச்சு ஏத்திட்டு வா'ன்னு சீட்டு எழுதித் திருப்பிட்டாங்க. நீங்களும் எல்லாத்துக்கும் மேல இன்னொரு உறை போடுறீங்கல்ல. உப்பாதா?"

"உப்பும். அதுக்கு ஒரு அளவு இருக்கு. ஆயிரத்து ஐநூறு பைட். அதுக்கு மேல போனா நடுவழியில இருக்கிற பெட்டி விடாது."

"விடாம என்ன பண்ணும்?"

"திருப்பிச் சீட்டு அனுப்பும். பெருசா இருக்கு, சின்னதா வெட்டி அனுப்புன்னு."

"அப்ப அந்தச் சீட்டு எங்க சார்?"

கையில் சோற்றோடு எழுந்து ஓடினேன். பெரிய அளவில் பிங் போட்டேன். இத்தனை நாளும் போட்டதெல்லாம் பொடிப் பொடி பிங். ஆயிரத்து நானூறுக்குப் பதில் வந்தது. ஆயிரத்து நானூற்றைம்பது என் பூட்டும் உறையோடு சேர்ந்தால் ஆயிரத்து ஐநூறைத் தாண்டிவிடும், அதற்கு ஒன்றுமே வரவில்லை. பெயரும் வயதும் சின்னத் துண்டு, அதனால் நுழைந்துவிடுகிறது. படத்தின் துண்டுகள் ஆயிரத்து ஐநூறு முழுக்க நிரம்பி வருகின்றன. அதன்மேல் என் பூட்டும் உறையும் ஏறியதும் உப்பிவிடுகிறது. நடுவழிப் பெட்டி ஒவ்வொரு தடவையும் ஒழுங்காகச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறது. அது திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றிருக்கிறது.

ஃபயர்வாலைத் திறந்து விதிகளைப் படித்துக்கொண்டே வந்தேன். பதினான்காவது விதி: வெளியிலிருந்து திரும்பி வரும், குறை சொல்லும் தகவல் எதுவானாலும், பதில் சொல்லாமல் எறிந்துவிடு. பக்கத்தில் எழுதியவரின் குறிப்பு: "வேண்டாத சத்தம்." கீழே எழுத்து: பூ.ரா. பூபதிராஜன். நான்.

பதினொரு வருஷத்துக்கு முன்பு ஒரு மில்லில் எவனோ இந்த மாதிரி பொய்த் தகவல்களைக் கொட்டி நெட்வொர்க்கை முடக்கினான். அந்த எரிச்சலில் ஒரே வரியில் எல்லாவற்றையும் அடைத்தேன். பிங்கை மட்டும் விட்டுவைத்தேன், அது எனக்கு வேண்டும் என்பதால். அமைதியாக ஓடியது. அப்படியே எல்லா ஊருக்கும் கொண்டுபோனேன். மற்ற இடங்களில் லைன் அகலம், உப்பினாலும் நுழைந்துவிடும். இங்கே நுழையவில்லை.

அந்த விதியை எடுத்தேன். சோதனைப் படம் நாற்பது விநாடியில் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தது. டெல்பின் கைதட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ஜூலை 16, செவ்வாய்

ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் ஒரு எண் ஓடும். அந்த விதி எத்தனை தடவை வேலை செய்தது என்ற கணக்கு. இதுவரை நான் அதைப் பார்த்ததே இல்லை. எடுப்பதற்கு முன் பதினான்காவது விதியின் எண் 18,406. பன்னிரண்டே நாளில்.

ரிப்போர்ட் எழுதினேன்: "லைன் கோளாறு சரிசெய்யப்பட்டது." கையெழுத்தும் போட்டேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. லைன் கம்பெனிக்காரன்மீது பழி போட்டால் அவனும் நம்பிவிடுவான்.

மதியம் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு டாக்டர் நஸ்ரினிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"படம் போயிருந்தா அவர் பேசியிருப்பாரா?" என்றேன்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆனா போட்டிருப்போம்" என்றார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டெல்பினிடமும் சொன்னேன். "வேணும்னு பண்ணலயே சார்" என்றாள். அப்புறம், "ஆனா பதினொரு வருசமா அந்த நம்பர நீங்க பாக்கவே இல்லயா?" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

நான் அமைத்த மற்ற முப்பத்தொரு இடங்களுக்கும் இங்கிருந்தே நுழைந்து அந்த விதியை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எண்ணைப் பார்க்கிறேன். ஒரு ஸ்கூலில் நான்கு லட்சம். அவர்கள் ஐந்து வருஷமாக "சில வெப்சைட் திறக்கல சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கம்ப்யூட்டர் பழசு என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஜூலை 20, சனி

வேலையை ஒப்படைத்தேன். இன்று மூன்று படம் போனது. ஒரு பெண்ணுக்கு மண்டையில் கட்டி இல்லை என்று பத்து நிமிஷத்தில் தெரிந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கீழே இறங்கிப் பொள்ளாச்சியில் மாசிலாமணியைப் பார்த்தேன். கட்டில் பக்கத்தில் பாக்கியம். அவளிடமும் சொன்னேன். உறை, சீட்டு எல்லாம் அவளுக்கு எதற்கு? "என் தப்பாலதான் அன்னிக்குப் படம் போகலம்மா" என்றேன். அவர் கால்மாட்டில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். "எனக்குத் திட்டக்கூடத் தெம்பில்ல சாரு. போயிட்டு இன்னொரு நாள் வாங்க, திட்டுறேன்" என்றாள். வருகிறேன் என்றேன். மாசிலாமணி இடது கையை லேசாகத் தூக்கினார். அவருக்கு என்ன சொல்ல வேண்டியிருந்ததோ.

ஜூலை 21, ஞாயிறு

லாட்ஜில் இருக்கிறேன். இங்கிருந்து வாணியின் அண்ணன் வீடு பத்து நிமிஷம்.

எழுதிவிடுகிறேன். வாணி பரீட்சைக்குத் துணையாகப் போகவில்லை. மார்ச் மாதம் ஒரு நாள் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நான் போறனுங்க" என்றாள். "சரி" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "விஷயம் என்ன, அதச் சொல்லு" என்பேன். முகம் வாடினால், "சும்மா சும்மா குறை சொல்லாத" என்பேன். அப்புறம் சொல்வதை நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். நான் வெளியூரில். "வியாழக்கிழமை ஆபரேஷன்" என்று மெசேஜ் வந்தது. "ஓகே, பாத்துக்கோ" என்று அனுப்பினேன். ஏழு மாசம் வலி இருந்திருக்கிறது. இதை இந்த நோட்டில் எழுதவே கை கூசுகிறது.

போன் செய்தேன். எடுத்தாள்.

"சொல்லுங்க."

"நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல வாணி. நீ சொல்லு. இத்தன வருஷம் சொல்ல வந்தியே, அதச் சொல்லு. குறுக்க பேச மாட்டேன்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். "நான் சொல்றத நிறுத்தி ரெண்டு வருசமாச்சுங்க" என்றாள். "இப்ப ஆரம்பிச்சா எங்கிருந்து ஆரம்பிக்கறது?" வைத்துவிட்டாள்.

ஜூலை 22, திங்கள்

"சாப்டியா?" என்று டைப் அடித்து, அனுப்பாமல் அழித்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

"நாளைக்கு பஸ் எத்தன மணிக்கு? பெட்டி தூக்க வரட்டுமா?" என்று அனுப்பினேன். நாலு மணி நேரம் கழித்து வந்தது: "7.30. சேலம் பஸ். அங்க மாறோணும்."

ஜூலை 24, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஆறே முக்காலுக்கே பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். அண்ணன் ஆட்டோவிலிருந்து இரண்டு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்ததும் திரும்ப ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். வாணி இளைத்திருக்கிறாள். புதிதாகக் கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போது போட்டாள் என்று எனக்குத் தெரியாது.

"டீ குடிக்கறயா?" என்றேன்.

"வேண்டாம்." பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் தரையைப் பார்த்தபடி, "அந்த பாத்ரூம் தாழ்ப்பாள்" என்றாள்.

"ம்."

"மூணு வருசமாச் சொன்னேன். ஒரு நாள் உள்ள மாட்டிக்கிட்டேன். ரெண்டு மணி நேரம். கத்திக் கத்தித் தொண்ட கட்டிப் போச்சு. எதுத்த வீட்டம்மா வந்து ஒடைச்சாங்க. உங்ககிட்டச் சொல்லவே இல்ல."

"அது அப்ப நான்..." என்று வாயில் வந்துவிட்டது.

திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா?"

"இல்ல. சொல்லு. சொல்லு வாணி."

சொன்னாள். தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பித்து, எங்கள் அம்மா திவசத்துக்கு அவளைக் கேட்காமல் நான் ஆட்களைக் கூப்பிட்டது, அவள் அப்பா சாகக் கிடந்தபோது இரண்டு நாள் தாமதமாக வந்தது, ஏழு மாசம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமைத்தது. சில இடத்தில் அவள் சொல்வது சரியில்லை. சில தேதி தப்பு. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வாழைப்பழம் விற்கும் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

ஆபரேஷன் நடந்த வியாழக்கிழமையை ஆரம்பித்து, தியேட்டர் வாசல் வரை வந்தபோது பஸ் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். கை காட்டவில்லை, நானும் காட்டவில்லை. பஸ் திரும்பி வெளியே போனது. நான் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எங்கே போவது என்று தெரியவில்லை.

போன் அடித்தது.

"நான் இன்னும் முடிக்கலீங்க" என்றாள். பஸ் இரைச்சலில் குரல் விட்டுவிட்டு வந்தது. "திரும்பி வந்துருவேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கல."

"அப்பச் சரி. எங்க விட்டேன்?"

"வியாழக்கிழமை. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல."

"ம். அந்த நர்ஸு வந்து கேட்டா, கூட ஆரும்மா வந்திருக்காங்கன்னு. வந்துக்கிட்டே இருக்காருன்னு சொன்னேனுங்க."